பன்னிரண்டு ஏக்கர் இறங்கிய இடம்

கொழிஞ்சிவலசில் ஆடி பிறந்த மூன்றாம் நாள் விடியக்காலையில் பாவாத்தாளின் பன்னிரண்டு ஏக்கர் கொறங்காடு தரையை விட்டு ஒரு முழம் மேலே எழும்பி நின்றது. அதை முதலில் பார்த்தது அவளுடைய பொறிக்கோழி. பார்த்த கையோடு அடியில் புகுந்து ஒரு முட்டையும் வைத்துவிட்டு வெளியே வந்து கொக்கரித்தது. கோழி எங்கேயிருந்து வருகிறது என்று குனிந்த பாவாத்தாளுக்கு, தலைக்கு மேலே செம்மண்ணும், அதிலிருந்து தொங்கும் வெள்வேல மரத்து வேர்களும், வேர் நுனிகளில் கோத்து நின்ற தண்ணீர்ச் சொட்டுகளும், அடியில் விழுந்திருந்த பள்ளத்துக்கு அந்தப் பக்கம் அடுத்த தோட்டத்துக்காரர் நடந்து போகிற கால்களும் தெரிந்தன. அவள் முட்டையை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு புருசனைக் கூப்பிட்டாள்.

"ஏனுங்க, காடு எந்திரிச்சிருச்சு. வந்து பாருங்க."

நாட்ராயன் வேப்பங்குச்சியை வாயிலிருந்து எடுக்காமலே கேட்டான். "எத்தனை ஒசரம்?"

"ஒரு மொழம் இருக்கும்."

"மாடுக?"

"மேலதான் நிக்குதுக. மேயுதுக."

"அப்பச் செரி" என்று சொல்லிவிட்டு அவன் வாய் கொப்பளிக்கப் போனான்.

கொறங்காடு என்பது உழுது விதைக்கிற நிலமல்ல. சுற்றிலும் ஆள் உயரக் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே நிழலுக்கு வெள்வேல மரங்கள். வருசம் முழுக்க மாடுகள் அங்கேயே மேய்ந்து, அங்கேயே படுத்து, அங்கேயே ஈனும். பாவாத்தாள் வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து அதுதான் அவளுக்கு வீடு. ஓடு போட்ட வீடு சும்மா சோறாக்கவும் மழைக்கு ஒதுங்கவும்தான். மேற்கே கூப்பிடு தூரத்தில் கல் குவாரி வந்து மூன்று வருசமாகியிருந்தது. காலையில் பதினொரு மணிக்கு ஒரு வெடி, சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு வெடி. ஒவ்வொரு வெடிக்கும் மாடுகள் நாலு காலும் தரையில் படாமல் துள்ளின. இரண்டு வருசத்தில் சினையான மாடுகளில் ஆறு, கன்று தங்காமல் போட்டுவிட்டன. "துள்ளித் துள்ளிப் பழகின மாட்டைச் சொமந்த காடு, தானும் ஒருக்கா துள்ளிப் பாத்துருக்குது, எறங்க மறந்துருச்சு" என்று பால் வண்டி ஓட்டுகிற சுப்புரத்தினம் சொன்னதை ஊர் ஒப்புக்கொண்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனது.

அடுத்த தோட்டத்து நாச்சாத்தாள் மட்டும் வேறு ஒரு கணக்குச் சொன்னாள். மாடு ஈன்றால் விழுகிற இளங்கொடியை, அதாவது நஞ்சுக்கொடியை, வைக்கோலில் சுற்றிப் பழைய சாக்கில் கட்டி, நாய் எட்டாத உயரத்தில், ஊர் எல்லை ஆலமரத்தில் தொங்கவிடுவது அந்தப் பக்கத்து வழக்கம்; பால் மரத்தில் கட்டினால் மாட்டுக்குப் பால் ஊறும், கட்டியதை எந்தக் காரணத்துக்கும் அவிழ்க்கக் கூடாது, அவிழ்த்தால் மடி வற்றும். பாவாத்தாளின் மாடுகளுக்கு இரண்டு வருசமாகக் கட்ட ஒன்றும் இல்லை. பழைய சாக்குகள் இற்று விழுந்து, கடைசி ஒன்றும் ஆனி மாதக் காற்றில் போய்விட்டது. "காட்டைப் புடிச்சு நிறுத்தறதுக்கு மரத்துல என்ன இருக்குது சொல்லு" என்று நாச்சாத்தாள் கேட்டாள்.

பாவாத்தாளுக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்றுதான். இருபத்து மூன்று மாடுகளில் செவலை ஒன்றுதான் அப்போது சினை, ஏழு மாதம் தாண்டியிருந்தது. மற்றவை கிழடுகள், இல்லாவிட்டால் போட்டுப் போட்டு வயிறு மறந்தவை. செவலையும் போட்டுவிட்டால் அந்த வழியில் இனிக் கன்று என்று ஒன்று கிடையாது. பாவாத்தாள் தினமும் காலையில் செவலையின் விலாவில் காதை வைத்து, உள்ளே கன்று புரள்கிற வரைக்கும் அப்படியே நின்றுவிட்டுத்தான் காப்பித்தண்ணி குடித்தாள்.

வெடிக்கு ஒரு சாண் வீதம் காடு ஏறியது. ஆடிப் பதினெட்டுக்கு வீட்டுக் கூரை உயரம், மாதக் கடைசியில் அரைப் பனை உயரம். சுப்புரத்தினம் ஏறி இறங்க ஏணி கொண்டுவந்தார். பெண்கள் வேர்களுக்கு அடியில் குடங்களை வைத்துவிட்டுப் போய் வெயில் ஏறியதும் நிறைந்த குடங்களை எடுத்துக்கொண்டார்கள். அந்தத் தண்ணீரில் பருப்பு நன்றாக வெந்தது. மின்சார வாரியத்து ஆள் வந்து கம்பியைத் தள்ளிப் போட்டார். கிராம நிர்வாக அலுவலர் வந்து, சர்வே எண் அடியில் கிடக்கிற பள்ளத்துக்கா மேலே நிற்கிற காட்டுக்கா என்று நெடுநேரம் யோசித்து, நிலம் இருக்கிறது, மேலே இருக்கிறது என்று எழுதி வாங்கிக்கொண்டு போனார். நிழலில் ஒரு டீக்கடை வந்தது. மண்டபம் கிடைக்காத ஒரு கல்யாணம் அங்கேயே நடந்து, மாப்பிள்ளை தலையில் மேலிருந்து சாணி விழுந்து, அது நல்ல சகுனம் என்று பெண் வீட்டார் அடித்துப் பேசினார்கள். தன் சோளக்காட்டில் நிழல் விழுகிறது என்று சண்டைக்கு வந்த ஒருவர், கூடவே சாணியும் விழுவதைக் கண்டு, இன்னும் நாலு நாள் இப்படியே இருக்கட்டும் என்று சொல்லிப் போனார்.

காற்றாலையில் வேலை செய்கிற ஒரு பையன்தான் விவரம் சொன்னான். மேற்கே கணவாயிலிருந்து காற்று அடிக்கிற வரைக்கும்தான் காடு மேலே நிற்கும். புரட்டாசி பிறந்து காற்று விழுந்தால், அன்றைக்கு எங்கே நிற்கிறதோ அங்கேயே இறங்கிவிடும். கயிறு கட்டிக் கிழக்கே கொண்டு போகலாம், மேற்கே முடியாது. இங்கேயே இறங்கினால் குவாரிக்குப் பக்கத்திலேயே மறுபடியும் கிடக்க வேண்டியதுதான்.

ஆக, காட்டை எங்கே கொண்டு போய் வைப்பது என்று பேச்சு வந்தது. பேச்சு வந்ததும் ஊர்க்காரர்கள் வந்தார்கள். பெண் கேட்டு வருவது போல வெற்றிலைத் தட்டோடு வந்து, எங்கள் ஊரில் இறக்குங்கள் என்று அண்ணாந்து பார்த்துக் கேட்டார்கள். வாய்க்கால் பாசன ஊர்க்காரர்கள் தண்ணீரைச் சொன்னார்கள். நாட்ராயன் மொபெட்டில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, தென்னைமரம் ஜோராக நிற்கிறது, மண்ணை மிதித்தால் தண்ணீர் கசிகிறது என்றான்.

"ஈர மண்ணுல கொழுக்கட்டைப் புல்லு அழுகிப் போகும். மாட்டுக்குக் குளம்பு நோவும். வேண்டாங்க" என்றாள் பாவாத்தாள்.

நெடுஞ்சாலைப் பக்கத்து நூல் மில்லிலிருந்து ஒரு மேலாளர் காரில் வந்தார். மில்லுக்கு மேலே நிறுத்தினால் போதும், இறக்கக்கூட வேண்டாம், ஆட்களின் வண்டிகளுக்கு நிழலாகும் என்றார். அவருக்கு மோர் கொடுத்து அனுப்பிவைத்தார்கள். கடைசியில் குருக்கத்திக் கரடு என்கிற குன்றின் அடிவாரம் அவளுக்குப் பிடித்தது. செம்மண், சரளை, ஆடு மேய்க்கிற நாலு குடும்பம், சுற்று வட்டாரத்தில் வெடிச் சத்தம் கிடையாது. நாட்ராயன் ஒரு பிடி மண் கொண்டுவந்தான்; அவள் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுச் சரி என்றாள்.

"அம்புட்டுத் தூரம் போறதுக்கு, நடுவால நொச்சிப்பாளையத்துலயே எறக்கிப்போடலாம். அதும் இதே மண்ணுதான்" என்று நாட்ராயன் கயிற்றைத் திரித்துக்கொண்டே மெதுவாகச் சொன்னான்.

"அந்த ஊருப் பேச்செடுத்தீங்கன்னா நான் ஏணிய உட்டு எறங்கி நடந்து போயிருவேன்."

நொச்சிப்பாளையம் அவள் பிறந்த ஊர். அங்கே அவளுடைய ஒரே அண்ணன் பொங்கியண்ணன் இருந்தார். பத்தொன்பது வருசத்துக்கு முன்னால், அவளுடைய மகள் மேகலாவுக்குக் காது குத்து வைத்தபோது, தாய்மாமனை நேரில் போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டியவள் பாவாத்தாள். அன்று பார்த்து ஒரு மாடு ஈன முடியாமல் கிடந்ததால் புருசனை அனுப்பினாள். கூடப் பிறந்தவள் வந்து கூப்பிடவில்லை, நான் எதற்குப் போக வேண்டும் என்று பொங்கியண்ணன் இருந்துவிட்டார். சீர்த்தட்டு வரவில்லை, மாமன் மடி வரவில்லை. கூட்டம் காத்துக் காத்துக் களைத்த பிறகு பாவாத்தாள் குழந்தையைத் தன் மடியிலேயே உட்காரவைத்துக் காது குத்தினாள். குழந்தை அழுததைவிட அவள் அழுதது அதிகம். அன்றைக்குத் துடைத்த கண்ணை அவள் அந்த ஊர்ப் பக்கம் திருப்பவே இல்லை.

ஆவணிக் கடைசியில் காடு புறப்பட்டது. நாலு மூலையிலும் தேர்வடம் போலக் கயிறு. ஒவ்வொரு கயிற்றுக்கும் பத்துப் பேர். இழுக்கத் தேவையில்லை, காற்று தள்ளிக்கொண்டு போவதைப் பிடித்து நிறுத்தி நிறுத்தி வழிகாட்டினால் போதும். ஓர் ஊரின் எல்லை வரைக்கும் அந்த ஊர் ஆட்கள் பிடித்து வந்து அடுத்த ஊர் ஆட்களிடம் கயிற்றைக் கொடுத்தார்கள். கொடுத்தவர்களுக்கு வாங்கியவர்கள் பானகம் கொடுத்தார்கள். பாவாத்தாள் மேலேயே இருந்தாள். கிளுவை வேலியோரம் மாடுகள் வரிசையாக நின்று கீழே கடந்து போகிற மொட்டை மாடிகளையும் கிணறுகளையும் பஸ்ஸையும் அசை போட்டுக்கொண்டு பார்த்தன. பள்ளிக்கூடத்தின் மேலே போனபோது வகுப்பு நடந்துகொண்டிருந்தது. வாத்தியார் விளக்கைப் போடச் சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தார். ஓர் ஊரில் நிழல் விழுந்ததும் கூம்பியிருந்த அந்திமந்தாரை மதியமே விரிந்தது. வெடிச் சத்தம் எட்டாத தூரம் வந்ததும் காடு ஏறுவதை நிறுத்தியது. பிறகு நாளுக்கு ஒரு முழம் தானாகவே தாழ்ந்தது. மாடுகள் துள்ளுவதை மறந்தன. செவலை நிறைமாதத்தில் நடக்காமல், மூத்த வெள்வேல மரத்தடியில் படுத்தபடியே வந்தது.

பாவாத்தாளுக்கு அந்த நாட்களில் தூக்கமும் விழிப்பும் ஒன்றாகத்தான் இருந்தன. செவலையின் மேல் சாய்ந்து கண்ணை மூடினால், அடியில் ஊர்கள் ஓடுவது கன்று புரள்வது போலவே இருந்தது. நொச்சிப்பாளையத்துக்குத் தெற்கே ஒதுங்கிப் போக வேண்டும் என்று கயிறு பிடித்தவர்களிடம் எல்லைக்கு எல்லை சொல்லிக்கொண்டே வந்தாள். ஆனால் சாரல் பிடித்துக்கொண்ட ஒரு விடியலில் செவலைக்கு வலி கண்டுவிட்டது.

"நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று அவள் மேலிருந்து கத்தினாள். கீழே இருந்தவர்கள் புது ஆட்கள். அவர்களுக்கு எல்லாத் திசையும் ஒரே வெள்ளையாக இருந்தது. கைக்கு அகப்பட்ட மரங்களில் கயிற்றைக் கட்டிவிட்டுத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு குந்தினார்கள்.

செவலை சிரமம் வைக்கவில்லை. முன்னங்கால் இரண்டும் வந்தன, மூக்கு வந்தது, பாவாத்தாள் ஒரு கை கொடுத்தாள், கன்று வழுக்கிக்கொண்டு புல்லில் விழுந்தது. பெண் கன்று, கிடாரி. இரண்டு வருசத்துக்குப் பிறகு உயிரோடு மூச்சு விடுகிற ஒரு கன்றைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து, என்ன செய்கிறோம் என்றே தெரியவில்லை. கன்று எழுந்து தடுமாறிக் காம்பைப் பிடித்தது. இளங்கொடி விழுந்ததும், கை தானாகவே வைக்கோலைத் தேடியது, சாக்கைத் தேடியது. புருசனைக் கன்றிடம் உட்காரவைத்துவிட்டு, சாக்கை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஏணியில் இறங்கினாள். பத்தடி நடந்ததும் சாரலுக்குள் ஒரு ஆலமரம் நின்றது. ஆலமரத்தைக் கண்டால் கட்டத் தோன்றுமே தவிர, எந்த ஊர் ஆலமரம் என்று கேட்கத் தோன்றுமா? எட்டின உயரத்தில் ஒரு விழுதைப் பிடித்து ஏறி, கிளையில் சாக்கை வைத்து, நல்ல சணலால் முடிச்சுப் போட்டாள். இரண்டு வருசமாகப் போடாத முடிச்சு.

இறங்கும்போது காலில் இரும்பு தட்டியது. அடிமரத்தில் பாதி புதைந்து கிடந்த ஒரு சங்கிலி. அவளுக்கு ஆறு வயதில் அப்பன் ஊஞ்சல் கட்டிக் கொடுத்த சங்கிலி அது. மரம் பெருத்துச் சங்கிலியை விழுங்கியிருந்தது. அவள் அண்ணாந்து பார்த்தாள்; கிளையெங்கும் வெளுத்த சாக்குகள், புதுச் சாக்குகள், அண்ணன் வீட்டு மாடுகளின் சாக்குகள். நடுவில் இவளுடையது.

மேலிருந்து நாட்ராயன் கூப்பிட்டான். "ஏம்புள்ள, கட்டியாச்சா? காத்து நல்லா அடிக்குது, ஆளுக கயித்த அவுத்துட்டாங்க, காடு நவுறவே மாட்டீங்குது."

"இது எங்க ஊரு மரமுங்க."

நாட்ராயன் வேலியோரம் வந்து எட்டிப் பார்த்தான். பிறகு, "செரி, அவுத்துரு. கரட்டுல வேற மரம் பாத்துக் கட்டிக்கலாம்" என்றான், அவளுக்காக.

அவள் மறுபடியும் ஏறினாள். சாரலில் நனைந்த சணல் இறுகிப்போயிருந்தது. பல்லால் கடித்து ஒரு முடிச்சைத் தளர்த்தினாள். அந்த நொடியில் மேலே கன்று கத்தியது. பசிக்குக் கத்துகிற கத்தல். "பாலு வரமாட்டீங்குது, வெறுங்காம்பு" என்று நாட்ராயன் சொன்னது கேட்டது. பாவாத்தாள் முடிச்சைப் பிடித்தபடி அப்படியே கிளையில் உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் ஒரு பக்கம் பத்தொன்பது வருசம் இருந்தது, இன்னொரு பக்கம் ஒரு மணி நேரம்கூட ஆகாத ஒரு கன்று இருந்தது. அவளுக்கு அண்ணன் மேல் இருந்த கோபம் கொஞ்சமும் குறையவில்லை, குறையாமலேதான் அவள் தளர்ந்த முடிச்சை இறுக்கினாள், அதன் மேல் இன்னொன்று போட்டாள், அதன் மேல் மூன்றாவது ஒன்றும் போட்டாள். மேலே கன்றின் கத்தல் நின்று சப்புக்கொட்டுகிற சத்தம் கேட்டது.

முடிச்சை விட்டு அவள் கை எடுத்ததும் காற்று விழுந்தது. இரண்டு மாதமாக இரவும் பகலும் ஊளையிட்ட காற்று ஒரே மூச்சில் நின்று, சாரல் விலகி, வெளிச்சம் வந்தது. மரத்தை ஒட்டிப் பொங்கியண்ணனின் தோட்டம். போன மாதம்வரை சோளம் நின்ற இடம் அறுத்து வெறுமையாக, வரப்புக்கூட இல்லாமல், பன்னிரண்டு ஏக்கரும் துடைத்துப்போட்ட களம் மாதிரி கிடந்தது. அதன் ஓரமெல்லாம் கற்கள், பொறுக்கிக் குவித்த கற்கள். நடுவில், இறங்கிக்கொண்டிருக்கிற காட்டின் நிழலில், தலை நரைத்த ஒரு மனுசன் கூடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குனிந்து இன்னும் பொறுக்கிக்கொண்டிருந்தார். அவருடைய முதுகில் வெள்வேல மரத்து வேர்நுனிகள் சொட்டின. அவர் மழை என்று நினைத்தாரோ என்னவோ, நிமிரவில்லை.

நாட்ராயன் மேலிருந்து கத்தினான், அவருக்குக் கேட்கவில்லை. கயிற்று ஆட்கள் கத்தினார்கள். "ஏனுங்க, பெரியவரே" என்றால் அந்த ஊரில் இருபது பேர் திரும்புவார்கள், அவர் திரும்பவில்லை. காடு அவர் தலைக்கு ஒரு ஆள் உயரத்துக்கு வந்துவிட்டது. பாவாத்தாள் மரத்திலிருந்து குதித்து ஓடினாள். பத்தொன்பது வருசமாக நாக்கில் வைக்காத சொல், எங்கே இருந்ததோ, தானாக வந்தது.

"அண்ணா! தள்ளி வா, காடு எறங்குது!"

அவர் நிமிர்ந்தார். அவளைப் பார்த்தார், அண்ணாந்து மேலே பார்த்தார், கூடையை அங்கேயே விட்டுவிட்டுக் கையில் இருந்த ஒரே ஒரு கல்லோடு குனிந்தபடி ஓடி வந்தார். அவர் வெளியே வந்ததும் கிளுவை வேலி தரையைத் தொட்டது. மாடு படுக்கும்போது வருகிற பெருமூச்சுச் சத்தத்தோடு பன்னிரண்டு ஏக்கரும் மண்ணில் அமர்ந்தது.

இருவரும் வேலியோரம் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள்.

"இது ஒண்ணுதான் பாக்கி இருந்துது அம்மிணி" என்றார் பொங்கியண்ணன், கல்லைக் காட்டி. "காடு கெழக்கால வருதுன்னு கேள்விப்பட்ட அன்னைக்கே சோளத்த அறுத்துப்போட்டேன். எறங்குனா எறங்கட்டும், எறங்காட்டி மேலாலயே போகட்டும். போறப்பக் கீழ குனிஞ்சு பாத்தீன்னா, எடம் இருக்குதுன்னு தெரியோணுமில்ல."

"என்னைய ஆருங் கூப்பிடலை" என்றாள் பாவாத்தாள்.

"நானும் கூப்பிட்டுருக்கோணும். அன்னைக்கும் நான் வந்துருக்கோணும். புள்ள காது குத்துக்கு. வல்லை."

"வந்துருக்கோணும்."

"வல்லை அம்மிணி. தப்புத்தான்."

அவள் வேலிப் படலைத் திறந்துகொண்டு காட்டுக்குள் போனாள். கன்று வயிறு நிறைந்து செவலையின் காலடியில் படுத்துக் கிடந்தது. நாட்ராயன் அதன் காதைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவள் கறந்தாள். மஞ்சளாகக் கெட்டியாகச் சீம்பால் வந்தது. ஈன்ற வீட்டுச் சீம்பாலை முதலில் ஒறம்பரையாக வருகிற சொந்தத்துக்குக் கொடுப்பது வழக்கம். சொம்பை முந்தானையால் மூடி எடுத்துக்கொண்டு வேலியோரம் வந்தாள்; அவர் வெளியிலேயே, கல்லைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார், அழைக்காமல் உள்ளே வரக்கூடாதென்று.

பாவாத்தாள் சொம்பை நீட்டவில்லை. இடக்கையால் படலை இன்னும் அகலமாகத் திறந்து பிடித்தாள்.

"வாங்கண்ணா" என்றாள், "நேர்ல வந்து கூப்பிடறேன்."